பதில் தெரிந்த பிறகும் கவிதை வருமா? கித்தாக் கொட்டையில் தொடங்கிய ஒரு கேள்வி

கேள்வி: கித்தாக்கொட்டை (ஜெலுத்தோங், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக ஞாயிறு பதிப்புகளுக்கும் ஆண்டு மலர்களுக்கும் அவ்வப்போது கவிதை எழுதி வருகிறேன். அண்மையில் பழைய கவிதைகளை எல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கலாம் என்று உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. திருமணம், வேலை, பிள்ளைப்பேறு, அம்மாவின் மறைவு என எதைப் பற்றி எழுதியிருந்தாலும், கவிதைக்குள் வருகிற மரமும் பூச்சியும் மழையும், ஆறு வயது முதல் பதினொரு வயது வரை செபராங் பிறையில், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பார்த்தவையாகவே இருக்கின்றன. பதினான்காம் மாடிக்குக் குடிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. சன்னலைத் திறந்தால் கடலும் பாலமும் தெரிகின்றன. ஆனாலும் கடலைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

அந்தக் கவிதைகளில் மிகுதியாக வருவது கித்தாக் கொட்டைதான், அதாவது ரப்பர் மரத்தின் கொட்டை. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அம்மா இருட்டிலேயே பால்வெட்டுக்குப் போய்விடுவார். பள்ளி விடுமுறையில் நானும் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்கக் கூடப் போவேன். காய் முற்றும் பருவத்தில், நண்பகல் வெயிலில், தலைக்கு மேலே எங்கேயோ 'டப்' என்று ஓர் ஓசை கேட்கும். மறுகணம் இரண்டு வரிசை தள்ளிச் சருகின் மேல் கொட்டை விழும் சத்தம் கேட்கும். ஒரு காய்க்கு மூன்று கொட்டைகள். மற்றப் பிள்ளைகள் அதைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைத்து அலற வைப்பார்கள். நானோ பொறுக்கியதை எல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பரப்பி, அதன் மேலிருக்கும் பழுப்புக் கோலத்தைப் பார்த்து இனம் பிரித்துக்கொண்டிருப்பேன். ஒரு மரத்தடியில் கிடப்பவை எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த மரத்தடியில் கோலம் வேறாகிவிடும். ஏன் இப்படி என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தாயைப் போலத்தானே பிள்ளை இருக்கும், இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார்.

அந்தப் பதிலை அன்று நான் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேலை மிகுதியில் பிள்ளையின் வாயை அடைக்கச் சொன்னது என்றே நினைத்தேன். அந்தக் கேள்வி மட்டும் உள்ளே இருந்துகொண்டு, வெவ்வேறு கவிதைகளில் வெவ்வேறு உருவில் வந்து போனது. சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில், ரப்பர் ஆய்வுத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்தார். பேச்சோடு பேச்சாக இதைக் கேட்டேன். கொட்டையின் மேல் ஓடு முழுக்க முழுக்கத் தாய்மரத்தின் திசு என்றும், மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும் ஓட்டின் கோலம் மாறாது என்றும், பழகியவர்கள் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தே அது எந்த இனத்து மரம் என்று சொல்லிவிடுவார்கள் என்றும் அவர் விளக்கினார்.

அம்மா சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை! வீட்டுக்கு வந்து அந்தக் கவிதைகளைத் திரும்பப் படித்தேன். உண்மைக்கு முன்னால் அவை வெளிறித் தெரிகின்றன. ஒரு மாதமாக ஒன்றும் எழுத முடியவில்லை. நான் கேட்க விரும்புவது இதைத்தான்: சிறு வயதில் இயற்கையைப் பார்த்து எழுந்த வியப்புதான் நம் கவிதைக்கு ஊற்று என்றால், அந்த வியப்புக்கு விடை கிடைத்தவுடன் ஊற்று தூர்ந்துவிடுமா? உங்களில் எழுதுகிறவர்களுக்கு இப்படி நேர்ந்தது உண்டா?

மறுமொழி: தஞ்சோங்வாசி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு)

அம்மா, தங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கவிதை எழுதும் பழக்கம் இல்லை, கற்பிக்கும் பழக்கம் மட்டுமே உண்டு. ஆகவே தாங்கள் கேட்டதற்குக் குறுக்கு வழியாகத்தான் விடை சொல்ல முடியும்.

நற்றிணையில் 172-ஆம் பாட்டு தங்களுக்கு நினைவிருக்கலாம். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. தலைவியும் தோழியரும் சிறு பிள்ளைகளாக மணலில் விளையாடியபோது ஒரு புன்னைக் கொட்டையை மணலுக்குள் அழுத்தி வைத்துவிட்டு, அதை மறந்து போய்விடுகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். தாய் அந்த மரத்தைக் காட்டி, இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் உடன்பிறப்பு என்று சொல்லிவிடுகிறாள். பெண் வளர்ந்த பிறகு காதலன் அந்த மரத்து நிழலுக்கு வந்து நிற்கிறான். உடன்பிறந்தவள் முன்னிலையில் உம்மோடு சிரித்து விளையாட எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, மனம் இருந்தால் வேறு நிழல்களும் உள்ளன என்று அவனிடம் தோழி சொல்கிறாள். பகலில் இப்படி வந்து போகாதே, முறையாக மணம் செய்துகொள் என்பது அதன் உட்பொருள்.

முப்பத்தொரு ஆண்டுகள் இந்தப் பாட்டை நான் வகுப்பில் நடத்தினேன். "புன்னை: நெய்தல் நிலத்து மரம்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். நானே அப்படித்தான் படித்தவன். இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கடற்கரையில். எங்கள் வீட்டுக்கும் மீனவர் படகுத்துறைக்கும் இடையில் நான்கைந்து பெரிய மரங்கள் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். தடித்த பளபளப்பான இலை. அதன் நடுநரம்பின் இருபுறமும் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக ஓடும் மெல்லிய நரம்புகள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் கேசரம் திரண்ட பூ. பச்சை உருண்டையாகக் காய்க்கும். தோல் காய்ந்து சுருங்கிய பிறகு உள்ளே இருக்கும் கொட்டை கோலி விளையாட மிகவும் ஏற்றது. மலாய்ப் பிள்ளைகள் அந்த மரத்தைப் 'பெனாகா லாவுட்' என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பூங்காவில் மரத்தில் அடித்திருந்த பெயர்ப்பலகையில் அதன் அறிவியல் பெயரைப் பார்த்து, வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் அதுவே புன்னை என்று எனக்குத் தெரிந்தது. கையில் இருந்த கோலியும் வாயில் இருந்த சொல்லும் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இன்னும் ஒன்று. 1786-இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனைக்கு அன்று பெயர் தஞ்சோங் பெனாகா, அதாவது புன்னை முனை. ஜார்ஜ்டவுனை மலாய்க்காரர்கள் இன்றும் 'தஞ்சோங்' என்று சொல்வது அந்த முனையை வைத்துத்தான். தீவுக்குப் பெயர் பாக்கிலிருந்து (மலாயில் 'பினாங்') வந்தது, நகரத்து முனைக்குப் பெயர் புன்னையிலிருந்து வந்தது. நான் நெய்தல் திணை நடத்திய வகுப்பறையோ அந்த முனைக்குக் கூப்பிடு தொலைவில் இருந்தது.

எனக்கு விடை கிடைத்ததால் பாட்டு சிறுத்துப் போகவில்லை, அன்றைக்குத்தான் அது திறந்தது. மணலில் அழுத்திய கொட்டை முளைக்கும் என்பது கடற்கரையில் விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கக்கூடிய நடப்பு. அந்த நடப்பு பொய்யாக இருந்திருந்தால் தாயின் பேச்சும் பொய்யாகி, தலைவியின் வெட்கமும் பொய்யாகியிருக்கும். தங்கள் அம்மாவின் பேச்சு நற்றிணைத் தாயின் பேச்சோடு ஒட்டிப் போவதைத் தாங்கள் கவனித்தீர்களா? இருவரும் மரத்தைச் சொல்லும்போது உறவுமுறை சொல்லித்தான் சொல்கிறார்கள். தங்கள் கவிதை வெளிறித் தெரிகிறது என்றால், அம்மாவின் பதிலை அதற்குள் தாங்கள் இன்னும் வைக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

மறுமொழி: செந்தூல்_பையன் (கோலாலம்பூர்)

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சிறுவர்களின் ஆர்வத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறுவர்களின் ஆர்வத்தில் கொடுமையும் உண்டு. என் கதையைச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தோட்டத்துப் பிள்ளை இல்லை. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தவன். காடும் ஆறும் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தன. பின்கட்டில் இருந்தவை ஒரு சாக்கடையும் துணிக்கொடியும் பாட்டி வளர்த்த ஒரு கறிவேப்பிலைச் செடியும்தாம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்தச் செடியின் இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. குச்சியால் தட்டிவிடப் போனேன், எச்சம் நகர்ந்தது. ஒரு வாரத்துக்குள் அது விரல் பருமனில் பச்சைப் புழுவாகிவிட்டது. அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்று கவையாக வெளியே நீளும், அழுகிய எலுமிச்சைத் தோல் போல ஒரு நாற்றம் வரும். அந்தக் கொம்பைப் பார்ப்பதற்காக ஒரு நாளைக்கு முப்பது தடவை அதைத் தொட்டிருப்பேன்.

பாட்டிக்கோ ரசத்துக்குப் போட இலை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. புழுவைப் பிய்த்துச் சாக்கடையில் போடச் சொன்னார். நான் கிளையோடு ஒடித்து, மைலோ டின்னுக்குள் வைத்து, மூடியில் ஆணியால் ஆறு துளை போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அது கிளையில் நூல் கட்டிச் சாய்ந்து தொங்கிக் கூட்டுப்புழுவானது. அத்துடன் விட்டிருக்கலாம். உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க நாள்தோறும் எடுத்துக் காதில் வைத்து ஆட்டியதில் நூல் அறுந்து, கூடு டின்னின் அடியில் விழுந்துவிட்டது. பிறகு கிளையும் காய்ந்துவிட்டது என்று அதை எறிந்துவிட்டேன்.

பத்து நாள் வாக்கில் ஒரு காலை திறந்து பார்த்தபோது வண்ணத்துப்பூச்சி வெளியே வந்திருந்தது. கருப்பில் மஞ்சள் புள்ளிகள். இறக்கை மட்டும் கசக்கி எறிந்த மிட்டாய்த் தாள் போல முறுக்கிக்கொண்டிருந்தது. மல்லாந்து கிடந்து கால்களை உதைத்தது. வேலை முடிந்து வந்த அப்பாவிடம் காட்டினேன். அவர் டின்னை வாங்கி உட்சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தகரத்தில் கால் பிடிக்குமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கூட்டை விட்டு வந்தவுடன் பூச்சி எதையாவது பற்றி ஏறித் தொங்க வேண்டும், அப்படித் தொங்கிக்கொண்டே உடம்பிலிருக்கும் நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்க வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம் தவறிவிட்டால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும் என்பதை இடைநிலைப் பள்ளியில், படிவம் நான்கில் படித்தேன். படித்த அன்று இரவு தூங்கவில்லை. அந்த இரவில்தான் என் முதல் கவிதையை எழுதினேன். அதில் வண்ணத்துப்பூச்சி வராது, வழுவழுப்பான ஒரு தகரச் சுவர் மட்டும்தான் வரும்.

ஆகவே சகோதரி, எனக்கு விடை கிடைத்த பிறகுதான் கவிதையே வந்தது. ஆனால் ஐயா சொல்வது போல ஏதோ திறந்துகொண்டதால் அது வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நான் செய்தது இன்னதென்று தெரிந்த பிறகு அதைச் சொல்ல எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்கள் கித்தாக் கொட்டையில் அப்படி ஏதும் உறுத்தல் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அம்மா சொன்னதை நீங்கள் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் சற்று நின்றேன்.

மறுமொழி: வழிப்போக்கன் (கோலாலம்பூர்)

செந்தூல் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எட்டு வயதில் கதவிடுக்கில் அறுந்த பல்லிவால் துடிப்பதைப் பார்த்து, அது எத்தனை முறை துடிக்கிறது என்று நோட்டுப்புத்தகத்தில் கோடு போட்டு எண்ணியவன் நான். வியப்பு எனக்கும் அளவில்லாமல் இருந்தது. கவிஞனாகவில்லை, கணக்காய்வாளராக இருக்கிறேன். ஊற்று எல்லோருக்கும் இருக்கலாம், வாய்க்கால் வேறு எங்கேயோ வெட்டப்படுகிறது போலும்.

மறுமொழி: இலைநரம்பு (குளுகோர், பினாங்கு)

நான் தாவரவியல் கற்பிப்பவள். கவிதை படிப்பேன், எழுதுவதில்லை. முதலில் கித்தாக் கொட்டையைப் பற்றி ஒரு சிறு திருத்தம், அல்லது சேர்க்கை.

அந்தப் பெரியவர் சொன்னது சரி. மேல் ஓடு தாயினுடையது. உள்ளே இருக்கும் முளையிலோ மகரந்தம் தந்த மரத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே கொட்டை தாயின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. முளைக்கும்போது அந்தச் சட்டையை மண்ணிலேயே கழற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு வளரும் மரம் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தோட்டங்களில் நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். அப்படி ஒட்டுக்கட்டிய காட்டில் ஓர் இனத்தை நட்ட இடம் முழுவதும் ஒரே மரத்தின் பிரதிகள்தாம், எனவே கொட்டைகளின் கோலமும் வரிசைக்கு வரிசை மாறாது. உங்களுக்கு மரத்துக்கு மரம் கோலம் மாறியிருந்தது என்றால், நீங்கள் பொறுக்கிய இடம் விதையிலிருந்தே வளர்த்த பழைய காடாக இருந்திருக்க வேண்டும். ஆறு வயதில் வாசலில் பரப்பி வைத்து நீங்கள் பார்த்தது அந்தக் காட்டின் வயதைத்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடை தெரிந்தால் வியப்பு போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள், ஒரு விடையோடு விசாரணை முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூருக்கு அருகே கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்கு ஒருமுறை போய், கபூர் என்ற உயரமான காட்டு மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு மரத்தின் உச்சியும் அடுத்த மரத்தைத் தொடாமல் ஒரு சாண் விட்டு நிற்க, இடையில் வானம் நதிகளாக ஓடும். காற்றில் உரசிக் கிளைநுனிகள் ஒடிவதால் அந்த இடைவெளி என்று ஒரு சாரார் சொல்ல, அண்டை மரத்தால் ஒளி குறைவதை உணர்ந்து நுனிகளே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இந்த விவாதம் முழுவதையும் அறிந்தவள் நான். அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிக்கும் வரை பார்க்கத்தான் செய்கிறேன்.

தஞ்சோங் ஐயாவின் புன்னைக்கு இணையாக என்னிடமும் ஒரு மரம் இருக்கிறது. நம் சாலையோரங்களில் நிற்கும் அங்சானா. சில நாள் வறண்டு, பிறகு ஒரு மழை பெய்த பின், ஊரில் உள்ள அங்சானா மரங்கள் பல ஒரே நாளில் பூக்கும், ஒரே நாள்தான், மறுநாள் காலை தார்ச்சாலையும் நிறுத்தி வைத்த கார்களும் மஞ்சளாகிக் கிடக்கும். காரைத் துடைக்கிறவர்கள் அதைத் திட்டிக்கொண்டே துடைப்பார்கள். அந்த மரம் வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. குறுந்தொகை 47-இல் பாறை மேல் வேங்கைப் பூ உதிர்ந்து கிடப்பது புலிக்குட்டி போலத் தோன்றுகிறது என்று வருகிறது. நிலவு வெளிச்சத்தில் காட்டு வழியாகக் காதலியைப் பார்க்க வருகிறவனின் கண்ணுக்கு அது அப்படித் தெரியும். எங்கள் தெருவில் ஒரு விடியற்காலை, கருப்புக் கார் ஒன்றின் முதுகில் அங்சானாப் பூ திட்டுத்திட்டாக ஒட்டியிருந்ததைப் பார்த்து ஒரு கணம் நான் உண்மையாகவே பின்வாங்கினேன். அந்தப் புலவர் அதை உவமைக்காகத் தேடிப் பிடித்திருக்கமாட்டார், ஒருநாள் அவரும் பின்வாங்கியிருப்பார் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். எந்த வயதில் பின்வாங்கினார் என்பதை மட்டும் அந்தப் பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே சிறு வயதுதான் ஊற்று என்ற முதல் கூற்றையே நான் அரை மனத்தோடுதான் ஏற்கிறேன். எனக்கு அன்று வயது நாற்பத்து மூன்று.

மறுமொழி: கித்தாக்கொட்டை (ஜெலுத்தோங், பினாங்கு)

உடனே எழுத முடியாததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் மறுமொழிகளைப் படித்த பிறகு சில நாள்கள் எதையும் எழுதத் தோன்றவில்லை.

இலைநரம்பு அவர்கள் சொன்னதுதான் என்னை முதலில் உலுக்கியது. நாங்கள் மங்கு துடைத்த அந்தப் பகுதியைத் தோட்டத்தில் எல்லோரும் 'பழைய காடு' என்றே சொல்வார்கள். அது ஒரு பெயர் என்று நினைத்திருந்தேன், விவரம் என்று தெரியாது. எனக்குப் பதினொரு வயதானபோது அந்தக் காட்டை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். அம்மாவுக்கு அங்கே வேலை இல்லாமல் போனதும் நாங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்ததும் அதனால்தான். என் கவிதைகளில் வருகிற காலம் பதினொரு வயதோடு நின்றுவிடுவதற்கு நான் என்னென்னவோ காரணம் கற்பித்திருந்தேன். மரங்களே அந்த ஆண்டோடு நின்றுவிட்டன என்பது தோன்றவில்லை.

செந்தூல் சகோதரரே, உறுத்தல் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. தோட்டத்தில் பள்ளிக்குப் போன பெண் என்ற இறுமாப்பில், அம்மா சொல்வதை எல்லாம் சொலவடை என்று ஒதுக்கிப் பழகியிருந்தேன். நாற்பது ஆண்டுகள் அந்த மரங்களின் அடியில் குனிந்து நிமிர்ந்தவருக்கு எந்த மரம் எந்த மாதிரிக் கொட்டை போடும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? நான் பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார், எனக்கு முன்னமே பார்த்து முடித்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வாளியைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார் என்று இங்கே முதல் பதிவில் எழுதினேன். என் கவிதைகள் எதிலும் அந்த வாளி வந்ததே இல்லை. தஞ்சோங் ஐயா சொன்னது போல அந்தப் பதிலைத்தான் நான் வெளியே விட்டுவிட்டிருக்கிறேன்.

வழிப்போக்கன் அவர்களுக்கு ஒரு செய்தி. என் மகன் உங்கள் கட்சி. பத்து வயதாகிறது, கவிதை என்றால் காத தூரம் ஓடுவான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனேன். இலையைத் திருப்பி நரம்பைப் பார்த்து, ஐயா சொன்ன அடையாளத்தின்படி மரத்தைக் கண்டுபிடித்தோம். காய்கள் சில மணலில் கிடந்தன, சில அலை விளிம்பில் உருண்டுகொண்டிருந்தன. "இது இந்த மரத்துக் காயா, கடலில் வேறு எங்கிருந்தாவது மிதந்து வந்ததா, எப்படித் தெரியும்?" என்று அவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாள் மிதந்தால் எவ்வளவு தூரம் வரலாம் என்று அவனே அடுத்ததைக் கேட்டான். மூன்று காய்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பால்கனியில் ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து போட்டிருக்கிறான். பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் நாள்தோறும் ஒரு கோடு. துணி துவைக்க வாளி வேண்டும் என்று கேட்டால் தரமறுக்கிறான்.

இன்று ஆறாவது கோடு. மூன்றும் மிதக்கின்றன.